மலைச்சரிவுக்குள் ஒரு வீடு: 28 மி.மீ. சிற்றுருக்களுக்கான மண்மேட்டு வீட்டைக் கட்டுவது குறித்து

பதிவு 1 | களிமண்கை

அனைவருக்கும் வணக்கம். சிற்றுருப் பொம்மைகளை வைத்து ஆடும் மேசைப்போர் விளையாட்டுக்கு நிலக்காட்சி செய்வதில் எனக்குச் சில ஆண்டுப் பழக்கம் உண்டு. ஆனால் இதுவரை செய்தவை எல்லாம் சமதளத்தில் நிற்கும் வீடுகள், ஓர் இடிந்த கோபுரம், ஒரு மரப்பாலம் ஆகியவைதாம். இப்போது முதன்முறையாக, குன்றின் சரிவைக் குடைந்து கட்டியதுபோலத் தோன்றும் ஒரு மாயவுலக வீட்டைத் தொடக்கத்திலிருந்து நானே செய்யத் துணிந்தேன். மூன்று வாரம் உழைத்தபின் மேசையில் வைத்துப் பார்த்தால், ஏதோ ஒரு சிறுவன் தன் வீட்டுப் பாடத்துக்காகச் செய்த மண்மேடுபோல இருக்கிறது. எங்கே தவறினேன் என்று அறிய விரும்பியே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

செய்தது இதுதான். அடித்தளம் 3 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகை, அளவு 300க்கு 220 மி.மீ. அதன்மேல் 25 மி.மீ. தடிமனுள்ள எக்ஸ்பிஎஸ் ஃபோம் (அடர்ந்த நுரைப்பலகை) மூன்று அடுக்கு. முகப்பில் 40 மி.மீ. விட்டமுள்ள வட்டக் கதவு, இருபுறமும் இரண்டு வட்டச் சன்னல்கள், மேலே ஒரு புகைபோக்கி. எல்லாவற்றையும் பச்சைப் புல்துகளால் மூடிவிட்டேன்.

குறைகள் மூன்று. முதலாவது, வீட்டின்மேல் பச்சைப் போர்வை போர்த்தியதுபோல இருக்கிறதே தவிர, மண்ணுக்குள் வீடு இருப்பதாக நம்பத் தோன்றவில்லை. இரண்டாவது, அடிப்பலகை இரு முனையும் மேலெழும்பித் தொட்டில்போல வளைந்துவிட்டது. மூன்றாவது, கதவைத் திறந்து என் வீரர்களை வாசலில் நிறுத்த முயன்றால் அவர்கள் உள்ளே போக மறுக்கிறார்கள். அவர்கள் பாதத்திலிருந்து கண்வரை 28 மி.மீ. உயரம் உடையவர்கள்; 25 மி.மீ. வட்டத் தளத்தில் நிற்பவர்கள். கதவு 40 மி.மீ. என்பதால் தாராளமாக இருக்கும் என்று கணக்கிட்டிருந்தேன்.

பதிவு 2 | கம்பிவெட்டி

மூன்றாவது குறைக்கு மட்டும் இப்போது விடை சொல்லிவிடுகிறேன், ஏனெனில் அது வெறும் வடிவக்கணிதம். மற்ற இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

செவ்வகக் கதவில் அகலம் தரைமட்டத்திலும் தலைமட்டத்திலும் ஒன்றே. வட்டக் கதவில் அப்படியில்லை. உங்கள் 40 மி.மீ. வட்டத்தின் அடிப்புள்ளியில் அகலம் சுழியம். அங்கிருந்து 3 மி.மீ. மேலே போனாலும் அகலம் 21 மி.மீ. மட்டுமே. வீரரின் தளமோ 25 மி.மீ. ஆகவே அவர் தரையைத் தொடமாட்டார். அடியிலிருந்து ஏறத்தாழ 4.4 மி.மீ. உயரத்தில், வளைவின் இருபுறமும் இடித்துக்கொண்டு அந்தரத்தில் சிக்கி நிற்பார். நீங்கள் சொல்லும் ‘மறுப்பு’ இதுதான்.

இதற்குத் தீர்வு, வட்டத்தின் அடிப்பகுதியை நிலைப்படிக்குக் கீழே புதைத்துவிடுவது. உட்தரையும் வாசற்கல்லும் வட்டத்தின் அடிப்புள்ளியைவிட 5 மி.மீ. உயரத்தில் இருந்தால், அந்த மட்டத்தில் அகலம் 26.5 மி.மீ. கிடைத்துவிடும். ஆனால் மேலே எஞ்சுவது 35 மி.மீ. மட்டுமே. உங்கள் வீரர் கண்வரை 28 என்றால் உச்சிவரை 31, தளத்தோடு 34. கணக்கில் நுழைந்துவிடுவார், ஆனால் அந்த உயரத்தில் வட்டம் மறுபடியும் குறுகி 12.5 மி.மீ. ஆகிவிடுவதால் தலைக்கவசத்தின் கொம்போ தோளில் சாய்த்த கோடரியோ இடிக்கும். எனவே நான் பரிந்துரைப்பது 45 மி.மீ. விட்டம், 5 மி.மீ. நிலைப்படி. தரைமட்டத்தில் 28 மி.மீ. அகலம், மேலே 40 மி.மீ. உயரம், தலைமட்டத்தில் 30 மி.மீ. அகலம் கிடைக்கும்.

மெய்யுலக அளவில் இது இரண்டரை மீட்டர் விட்டமுள்ள கதவு என்று யாரேனும் குறை சொல்லலாம். சிற்றுருக்கள் எல்லாம் ஒரு தட்டின்மேல் ஏறி நிற்கின்றன. அவற்றின் தலையும் கையும் ஆயுதமும் உண்மை விகிதத்தைவிடப் பருத்தவை. அவற்றுக்குச் சரியாகத் தோன்றும் கதவு, அளவுகோலுக்குச் சற்றுப் பெரியதாகத்தான் இருக்கும்.

பதிவு 3 | களிமண்கை

அட்டையில் 40, 45 என இரண்டு வட்டங்களை வெட்டி நிறுத்திப் பார்த்தேன். நீங்கள் சொன்னபடியே 40இல் வீரர் கழுத்துச் சிக்கிய ஆடுபோல நிற்கிறார். 45இல் தடையின்றிப் போய்வருகிறார். மூன்று வாரத்துக்கு முன் செய்திருக்க வேண்டிய சோதனை இது.

ஒரு துணைக்கேள்வி. இந்த வீட்டில் குடியிருக்கப் போவது குள்ளர் இனம். அவர்கள் உச்சிவரை 20 மி.மீ. உயரம் உடையவர்கள். அவர்களுக்கும் இதே விட்டம்தானா?

பதிவு 4 | கம்பிவெட்டி

குடியிருப்பவர் மட்டும் போய்வந்தால் போதுமென்றால் 35 மி.மீ. விட்டமும் 6 மி.மீ. நிலைப்படியும் பொருந்தும், தரையில் 26 மி.மீ. அகலமும் அதற்குமேல் 29 மி.மீ. உயரமும் கிடைக்கும். பெரியவர்கள் வாசலில் குனிந்து நிற்க வேண்டியதுதான், அதுவே அழகு. ஆனால் உங்கள் விளையாட்டின் விதிப்படி எதிரிப்படை கதவுவழியே உள்ளே புகலாம் என்றால் 45ஐ விட்டுக் கீழே இறங்காதீர்கள்.

பதிவு 5 | நிலைக்கால்

முதல் குறைதான் இந்த இழையின் உயிர் என்று நினைக்கிறேன். அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுத அனுமதியுங்கள்.

நீங்கள் அனுப்பிய அளவுகளைப் படித்தபோது எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: உங்கள் குன்றில் மண்ணுக்கு எடையில்லை. ஃபோமை வெட்டுகிறோம், அது கையில் பஞ்சுபோல இருக்கிறது. அந்த இலேசான தன்மை நம்மை அறியாமலேயே வடிவத்துக்குள் புகுந்துவிடுகிறது. உண்மையில் ஒருவர் சரிவைக் குடைந்து வீடு கட்டினால், முதல் நாள்முதல் கடைசி நாள்வரை அவர் போராடுவது மண்ணின் எடையோடும் நீரோடும்தான். அந்தப் போராட்டத்தின் தடயங்களைக் காட்டினால் போதும், பார்ப்பவர் கண் மிச்சத்தை நம்பிவிடும்.

நார்வேயின் பழைய புல்வேய்ந்த கூரைகளை எடுத்துக்கொள்ளுங்கள். அவற்றில் மழைநீரைத் தடுப்பது புல்லும் அன்று, மண்ணும் அன்று. பலகைமேல் பல அடுக்காகப் பரப்பிய பிர்ச் மரப்பட்டைதான். அந்தப் பட்டை சுருண்டு பறந்துவிடாமல் அழுத்திப் பிடிப்பதும் குளிரைத் தடுப்பதும் புற்கரணையின், அதாவது வேர்மண்ணோடு வெட்டியெடுத்த புல்துண்டின், வேலை. கரணைகளை இரண்டு அடுக்காக வைப்பார்கள்: கீழடுக்கில் புல் கீழ்நோக்கி, மேலடுக்கில் புல் மேல்நோக்கி. மொத்தத் தடிமன் ஏறத்தாழ 15 செ.மீ.; எடை சதுர மீட்டருக்குச் சுமார் 250 கிலோ. இவ்வளவு எடை சரிந்து விழாமலிருக்கத் தாழ்வாரத்தின் ஓரத்தில் ஒரு நீண்ட மரக்கட்டையைத் தடுப்பாகப் பொருத்துவார்கள்.

இதை 28 மி.மீ. சிற்றுருக்களுக்குரிய 1/56 அளவுக்குக் கொண்டுவாருங்கள். 15 செ.மீ. என்பது 2.7 மி.மீ. அப்படியென்றால் உங்கள் கதவுக்கு மேலே புல் முடியும் விளிம்பில், கத்தியால் வெட்டியதுபோல 3 மி.மீ. உயரத்துக்கு ஒரு மண் விளிம்பு தெரிய வேண்டும். அதன் நிறம் பழுப்பு. அதில் வேர்நுனிகள் தொங்க வேண்டும். அதன் கீழே பட்டையின் வெளிறிய கோடு. அதற்குக் கீழே தடுப்புக் கட்டை. நீங்கள் அந்த விளிம்பைப் புல்துகளால் மூடிவிட்டீர்கள். போர்வை தெரிவது அதனால்தான்.

ஐஸ்லாந்தின் புல்வீடுகள் இன்னொரு பாடம். அங்கே மரம் அரிது என்பதால் சுவரையே புற்கரணையால் எழுப்பினார்கள். சதுப்பு நிலத்தில் வேர் அடர்ந்து பின்னிய மண்ணை வெட்டியெடுத்து, செங்கல்போல அடுக்கினார்கள். கிளௌம்பைர் என்ற பழைய பண்ணைவீட்டின் சுவரில் இந்தக் கரணைகள் மீன்முள்போலச் சாய்வுச் சாய்வாக அடுக்கப்பட்டிருப்பதைப் படங்களில் காணலாம். சுவரின் தடிமனை ஒரு மீட்டர் என்று கொண்டாலே நம் அளவில் 18 மி.மீ. ஆகிறது. உங்கள் சன்னல் அந்த 18 மி.மீ. ஆழத்துக்குள் இருக்க வேண்டும். முகப்பில் ஒட்டிய பொத்தான்போல வெளியே துருத்தி நிற்கக் கூடாது. சன்னலை உள்ளே தள்ளி அதைச் சுற்றி நிழலை வரவழைத்த உடனே, அதுவரை படமாக இருந்தது வீடாகிவிடும்.

பிறகு தாங்குசுவர். கதவின் இருபுறமும் சரிவை வெட்டிய இடத்தில் மண் சும்மா நிற்காது. அங்கே கல் அடுக்கிய சுவர் ஒன்று, வாசலை நோக்கி வரவர உயர்ந்தும் வெளியே போகப்போகத் தாழ்ந்தும், சிறகுபோல விரிய வேண்டும். சுவரின் அடியில் கற்கள் பெரியவையாகவும் மேலே போகப்போகச் சிறியவையாகவும் இருக்கட்டும். சுவர் மண்ணை நோக்கிச் சற்றே சாய்ந்திருக்கட்டும். குடைந்தெடுத்த மண் எங்கே போயிற்று என்ற கேள்விக்கும் விடை வேண்டும். அது பெரும்பாலும் வாசலுக்கு முன்னாலேயே கொட்டப்பட்டு, காலப்போக்கில் ஒரு சமதளத் திண்ணையாக மாறியிருக்கும். அந்தத் திண்ணையில் காய்கறிப் பாத்தி ஒன்றை நீங்கள் வைத்துவிட்டால், பார்ப்பவர் அதன் காரணத்தை அறியாமலேயே திருப்தியடைவார்.

பதிவு 6 | பகடைக்காரர்

நிலைக்கால் எழுதியதை இரண்டுமுறை படித்தேன், மிகவும் நன்று. ஆனால் ஒரு விளையாட்டுக்காரனின் மறுப்பையும் பதிவு செய்ய வேண்டும். இது அருங்காட்சியகத்துக்கான மாதிரி அன்று. இதன்மேல் பகடை விழும், முழங்கை படும், ஈயச் சிற்றுருக்கள் ஏறி நிற்கும். வேர்நுனி தொங்கும் விளிம்பு மூன்றாவது ஆட்டத்தில் யாருடைய சட்டைக்கையோடோ போய்விடும்.

அதைவிட முக்கியமானது சரிவு. 25 மி.மீ. தளத்தில் நிற்கும் சிற்றுருவின் எடைமையம் 15 மி.மீ. உயரத்தில் இருந்தால் 40 பாகைச் சரிவில் அது கவிழும். கொடி பிடித்தவருக்கு எடைமையம் 20 மி.மீ.க்கு ஏறிவிடுவதால் 32 பாகையிலேயே கவிழ்வார். ஆனால் கவிழ்வதற்கு வெகுமுன்பே வழுக்கல் தொடங்கிவிடும். வண்ணம் பூசி வார்னிஷ் அடித்த ஃபோமின்மேல் என் சிற்றுருக்கள் 20 பாகையைத் தாண்டினாலே மெல்ல இறங்கத் தொடங்குகின்றன. அழகான குன்று செய்து, ஆட்டம் முழுதும் வில்லாளர்களைக் கீழேயிருந்து பொறுக்கி மேலே வைத்துக்கொண்டிருந்த கொடுமையை நான் அனுபவித்தவன்.

ஆகவே குன்றின் மேற்பரப்பில், எங்கெல்லாம் படை நிற்கும் என்று எதிர்பார்க்கிறீர்களோ அங்கெல்லாம் குறைந்தது 30 மி.மீ. அகலமுள்ள சமதளப் படிகள் இருக்க வேண்டும். புகைபோக்கியின் அருகில் இரண்டு வில்லாளர்கள் நிற்குமளவு இடம் விடுங்கள். எல்லா ஆட்டத்திலும் யாராவது அங்கே போய் நிற்பார்கள்.

பதிவு 7 | நிலைக்கால்

முரண்பாடு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மலைச்சரிவில் வாழ்பவர் யாரானாலும் படிப்படியாகத்தான் நிலத்தைத் திருத்துவார். ஆடுமாடு நடந்து நடந்து உண்டான தடங்களே சரிவின் குறுக்கே படிகள்போலக் கிடக்கும். உங்கள் 30 மி.மீ. படிகளின் ஓரத்தில் கல்வரிசை வைத்தால் தோட்டப் பாத்தி. மண்ணை வெறுமையாக விட்டால் ஆட்டுத்தடம். வழுக்கல் குறித்து ஒரு சிறு உத்தி: பசை ஈரமாக இருக்கும்போதே படிகளின்மேல் மெல்லிய மணலைத் தூவிவிட்டு, அதன்மேல் வண்ணம் பூசுங்கள். பிடிப்பு கூடும்.

தொங்கும் வேர் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரிதான். கதவின் நேர்மேலே மட்டும், நெற்றிக்கட்டையின் நிழலுக்குள் பதுங்கியிருக்கும்படி வைத்தால் கைபடாது.

பதிவு 8 | கம்பிவெட்டி

இப்போது வளைந்த பலகைக்கு வருவோம். அதன் காரணம் நீர்தான். மரவேலைக்கான வெள்ளைப் பசையும் சுவர்ப்பட்டியும் (புட்டி) நீரைக் கொண்டவை; அவற்றை எம்டிஎஃபின் ஒரு முகத்தில் மட்டும் பூசினால், காயும்போது அந்தப் பூச்சு சுருங்கிப் பலகையைத் தன் பக்கம் இழுக்கிறது. 3 மி.மீ. பலகைக்கு அந்த இழுப்பை எதிர்க்கும் வலு இல்லை. வேலை தொடங்குமுன் இரண்டு முகத்திலும் ஓரங்களிலும் நீர் புகாத வண்ணமோ வார்னிஷோ பூசுங்கள், 300 மி.மீ. நீளத்துக்கு 5 அல்லது 6 மி.மீ. பலகையைப் பயன்படுத்துங்கள். ஓரத்தை உப்புத்தாளால் சாய்வாகத் தேய்த்துவிட்டால் தடிமன் கண்ணுக்குத் தெரியாது. ஃபோம் பிவிசி தகடு கிடைத்தால் இந்தத் தொல்லையே இல்லை, ஏனெனில் அது நீரைக் குடிப்பதில்லை. ஏற்கெனவே வளைந்ததை நிமிர்த்த, அடிமுகத்திலும் நீர்கலந்த பசையைப் பூசி எடை வைத்துக் காயவிட்டுப் பாருங்கள், பாதி நிமிரும். முழுவதும் நிமிர்ந்து நான் பார்த்ததில்லை.

ஃபோம் அடுக்குகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. எக்ஸ்பிஎஸ் ஃபோமும் நீரை ஊடுருவ விடாது. அதனால் இரண்டு பலகைக்கு நடுவே முழுப்பரப்பிலும் வெள்ளைப் பசையைத் தடவி ஒட்டினால், ஓரம் காய்ந்து நடுவில் நாள்கணக்கில் ஈரமாகவே கிடக்கும். திட்டுத்திட்டாகப் பசை வைத்து, பல்குத்தும் குச்சிகளை ஆணிபோலச் செருகி, ஓரிரு நாள் மறந்துவிடுங்கள். சூடான கம்பியால் சரிவை வெட்டப் போகிறீர்கள் என்றால், வெட்டுக்கோடு போகும் இடத்தில் பசை இருக்கவே கூடாது. கம்பி ஃபோமைத்தான் உருக்கும், காய்ந்த பசைப்படலத்தில் வந்து முட்டி நின்று அங்கே ஒரு வரம்பை விட்டுச்செல்லும். கம்பியால் வெட்டும்போது எழும் புகை உடலுக்கு ஆகாது. சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். கம்பி சிவக்குமளவு சூடாக்காதீர்கள்.

இன்னொன்றையும் சொல்லாவிட்டால் என் மனம் ஆறாது. தெளிப்பு டப்பா ப்ரைமரில் (அடிப்பூச்சு) உள்ள கரைப்பான், மூடப்படாத ஃபோமைத் தின்றுவிடும். என் முதல் மலைவீட்டில் எல்லா இடத்தையும் பசை கலந்த கறுப்பு வண்ணத்தால் மூடிவிட்டதாக எண்ணி, நம்பிக்கையோடு தெளித்தேன். புகைபோக்கியின் உட்புறத்தை மறந்திருந்தேன். பத்து நிமிடத்தில் புகைபோக்கி தன் உள்ளுக்குள்ளேயே சரிந்து, குன்றின் உச்சியில் எரிமலைவாய்போல ஒரு பள்ளம் உண்டாகிவிட்டது. அந்த வீடு இப்போதும் என்னிடம் இருக்கிறது. அரக்கப்பல்லி தாக்கிய வீடு என்று பெயர் வைத்து ஆடிக்கொண்டிருக்கிறோம்.

பதிவு 9 | புதுக்கை

இந்த இழையைப் படித்தபின் எனக்கும் ஆசை வந்துவிட்டது. ஆனால் ஃபோம் வெட்டும் கருவிகள் என்னிடம் இல்லை. மீன்தொட்டியில் வைக்கும் குகை வடிவ அழகுப்பொருள் ஒன்றும், பழைய எச்ஓ அளவு ரயில் மாதிரியிலிருந்து எஞ்சிய கதவு சன்னல்களும், ஒரு பிளாஸ்டிக் பொம்மை வீடும் இருக்கின்றன. இவற்றை மாற்றியமைத்தே மலைவீடு ஒன்றைச் செய்துவிட முடியுமா? பெரியவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதிவு 10 | உப்புத்தாள்

நான் செய்வதில் பெரும்பாதி மாற்றுவேலைதான் என்பதால் இதற்கு நான் விடையளிக்கிறேன்.

மீன்தொட்டிக் குகை நல்ல தொடக்கம். அவை பெரும்பாலும் வார்ப்புப் பிசினால் ஆனவை. கனமாக இருப்பதால் மேசையில் நகராது, பாறையின் மேடுபள்ளமும் ஆயத்தமாகக் கிடைக்கிறது. ஆனால் அதை அறுத்தாலோ தேய்த்தாலோ எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு. முகக்கவசம் அணிந்து, நீரில் நனைத்துத் தேய்க்க வேண்டும். முதலில் சோப்புநீரில் நன்றாகக் கழுவிக் காயவிடுங்கள். குகைவாயின் அளவை அளந்து, அதற்கேற்ற வட்ட முகப்பைத் தடித்த அட்டையிலோ மரத்தகட்டிலோ செய்து உள்ளே சற்றுத் தள்ளிப் பொருத்துங்கள். முகப்புக்கும் பாறைக்கும் நடுவே எஞ்சும் ஒழுங்கற்ற இடைவெளியை இரு கலவை எபாக்ஸிப் பசைமாவால் அடைத்து, காய்வதற்குள் ஊசியால் கல்வரிகளைக் கீறிவிடலாம். காற்றில் உலரும் களிமண்ணைத் தவிர்க்கச் சொல்வேன். உலரும்போது சுருங்கி, சரியாக நிலையின் ஓரத்தில்தான் வெடிக்கும்.

எச்ஓ அளவுக் கதவுகளை வீசிவிடாதீர்கள். அந்த அளவு 1/87. இரண்டு மீட்டரைச் சற்றே தாண்டும் கதவு அதில் 24 மி.மீ. வரும். 28 மி.மீ. மனிதர்களுக்கு அது எலிவளை. ஆனால் இங்கே பேசப்படும் 20 மி.மீ. குள்ளர்களுக்குத் தளத்தோடு சேர்த்து 23 மி.மீ.தான் உயரம். தளம் அகலத்தில் இடிக்கும் என்பதால் திறவாத கதவாக வைத்துக்கொள்ளுங்கள். சன்னல்கள் அப்படியே பொருந்தும். செவ்வகச் சன்னலின் முன்னால் ஒரு வளையத்தை ஒட்டினால் வட்டச் சன்னலாகிவிடும். பிளாஸ்டிக் குழாயை 4 மி.மீ. தடிமனில் அறுத்தால் வளையம் கிடைத்துவிடும்.

பொம்மை வீட்டைப் பொறுத்தவரை அது எந்தப் பிளாஸ்டிக் என்று முதலில் பார்க்க வேண்டும். மாதிரிக் கருவித்தொகுப்புகளில் வரும் பாலிஸ்டைரீன் என்றால் பிளாஸ்டிக் பசை அதன் மேற்பரப்பைக் கரைத்து இரண்டையும் ஒன்றாக்கிவிடும். மெழுகுபோல வழுவழுப்பான பாலிப்ரோப்பிலீன் அல்லது பாலித்தீன் என்றால் வழக்கமான பசை எதுவும் சரியாகப் பிடிக்காது, வண்ணமும் உரியும். அதைக் குன்றின் உள்ளே எலும்புக்கூடாகப் புதைத்துவிட்டு, வெளியே தெரியும் எதையும் அதில் செய்யாதிருப்பதே நல்லது.

பதிவு 11 | களிமண்கை

இரண்டாவது வீட்டைத் தொடங்கிவிட்டேன். 6 மி.மீ. பலகை, இருமுகமும் வார்னிஷ். இந்தமுறை குன்றைச் செய்யுமுன் கதவைச் செய்தேன். நான்கு மாலைப்பொழுதுகள் அதற்கே போயின, வருத்தமில்லை.

45 மி.மீ. அட்டை வட்டத்தின்மேல் 1 மி.மீ. தடிமனுள்ள மரக்குச்சிகளைப் பலகைகளாக ஒட்டினேன். எல்லாம் ஒரே அகலம் என்றால் அச்சடித்ததுபோல இருக்கும் என்பதால் 5, 7, 6, 8 என மாற்றி மாற்றி வைத்தேன். பசை காய்ந்தபின் பித்தளைத் தூரிகையால் நரம்போட்டத்தின் திசையில் அழுத்தி இழுத்ததும், மென்மையான பகுதி கழன்று வரிகள் எழுந்தன. அதன்பின் வட்டமாக வெட்டி, ஓரத்தை உப்புத்தாளால் மூன்று சுற்றுத் தேய்த்தேன்.

சிக்கல் கீலில் வந்தது. வழக்கம்போலக் கதவின் இடது ஓரத்தில், மையத்துக்கு மேலே 10, கீழே 10 மி.மீ. தூரத்தில் இரண்டு கீல்களை ஓரத்தையொட்டி வைத்தேன். கதவு அசையவே இல்லை. அட்டையில் வரைந்து பார்த்தபின்தான் விளங்கியது: அந்த இரண்டு புள்ளிகளையும் இணைக்கும் நேர்கோட்டைத் தாண்டி வட்டத்தின் இடதுவயிறு 2.3 மி.மீ. வெளியே துருத்துகிறது, திரும்பும்போது அந்த வயிறு நிலையில் போய் இடிக்கிறது. ஆகவே கீல்பட்டைகளைக் கதவின் ஓரத்தைத் தாண்டி 2.3 மி.மீ. நீட்டி, அச்சு வட்டத்தைத் தொட்டுக்கொண்டு செல்லும்படி வைத்தேன். பழைய இரும்புப்பட்டைபோல அந்த நீட்சியே அலங்காரமாகிவிட்டது. பட்டைகள் மெல்லிய அட்டை. ஆணித்தலைகள் குச்சிமுனையால் வைத்த பசைத்துளிகள். கைப்பிடி ஒரு குண்டூசியின் தலை.

இப்போது மேல்மூடி குறித்து ஒரு கேள்வி. உள்ளறையைத் திறந்து காட்டும்படி குன்றின் உச்சியைக் கழற்றக்கூடியதாகச் செய்ய விரும்புகிறேன். வெட்டுக்கோடு பளிச்சென்று தெரிந்துவிடுமே, அதை எப்படி மறைப்பது?

பதிவு 12 | பகடைக்காரர்

கோட்டை மறைக்க முயலாதீர்கள். கோடு இருக்க வேண்டிய இடத்தில் அதை வையுங்கள். புல்லின் நடுவே போகும் எந்தப் பிளவும் தெரியும். அதே பிளவு தோட்டப் படியின் கல்வரிசைக்குப் பின்னாலோ ஒற்றையடிப் பாதையின் ஓரத்திலோ வேலியின் அடியிலோ ஓடினால் யாரும் கவனிக்கமாட்டார்கள்.

மூடி இறுகப் பொருந்த நான் செய்வது இது. அடிப்பகுதியின் விளிம்பில் சுவர்ப்பட்டியைத் தடவி, அதன்மேல் மெல்லிய பாலித்தீன் தாளை விரித்து, மூடியை அழுத்தி வைத்துக் காயவிடுவேன். மறுநாள் மூடியை எடுத்துத் தாளை உரித்தால், இரண்டும் ஒன்றுக்கொன்று வார்த்ததுபோல உட்காரும். பட்டியில் கொஞ்சம் வெள்ளைப் பசையும் பழுப்பு வண்ணமும் கலந்துவிடுங்கள். பின்னாளில் எங்கே சில்லு பெயர்ந்தாலும் உள்ளே வெள்ளை தெரியாது. காந்தம் வைப்பதென்றால் 5 மி.மீ. விட்டம், 2 மி.மீ. தடிமன் போதும்; ஆனால் வெறும் ஃபோமில் ஒட்டினால் இரண்டாவது முறை திறக்கும்போதே ஃபோமைப் பிய்த்துக்கொண்டு வந்துவிடும். சிறு மரத்துண்டில் பதித்து, அந்தத் துண்டை ஃபோமில் புதையுங்கள். ஒட்டுமுன் எந்த முகம் எதை ஈர்க்கிறது என்று பேனாவால் குறித்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை குறிக்காமல் விட்டு, தன் வீட்டை வெறுக்கும் கூரை ஒன்றை உருவாக்கிவிட்டேன்.

பதிவு 13 | நிலைக்கால்

புல்லுக்கு வரும்போது அவசரப்படாதீர்கள். நிலைமின் புல், அதாவது நிலைமின்னால் நிமிர்த்தி நடும் செயற்கைப் புல்லிழை, 2, 4, 6 மி.மீ. நீளங்களில் கிடைக்கிறது. நம் அளவில் 2 என்பது 11 செ.மீ., 4 என்பது 22 செ.மீ., 6 என்பது 34 செ.மீ. ஆகவே மனிதர் நடக்கும் இடத்தில் 2, ஒதுக்குப்புறத்தில் 4, தாங்குசுவரின் அடியிலும் புகைபோக்கியின் பின்புறத்திலும் மட்டும் 6 என்று பிரித்துக்கொண்டாலே, யார் எங்கே நடக்கிறார்கள் என்ற கதை வந்துவிடும். உங்கள் குள்ளர்களுக்கு 6 மி.மீ. புல் ஏறக்குறைய தொடைவரை வரும்.

முதலில் குன்று முழுவதையும் மண்நிறத்தில் முடித்துவிடுங்கள். அடர்பழுப்பு, அதன்மேல் வெளிர்பழுப்பை உலர்தூரிகையால் தொட்டு, வேலை அங்கேயே முடிந்ததுபோலச் செய்யுங்கள். அதற்குப் பிறகே புல். பல இடங்களில் மண் தெரியட்டும். ஒரே பச்சையை மேலிருந்து கீழ்வரை தூவாமல், நீர் தேங்கும் படிகளில் அடர்பச்சையும், வெயில் படும் உச்சியில் வைக்கோல்நிறம் கலந்ததும் போடுங்கள். புகைபோக்கியைச் சுற்றி இரண்டு விரல் அகலத்துக்குப் புல் காய்ந்திருக்க வேண்டும் என்பது என் பிடிவாதம். அந்தச் சூட்டில் அங்கே பசுமை நிற்காது.

பதிவு 14 | களிமண்கை

நேற்று முதல் ஆட்டம் நடந்தது. எழுதுவதற்கு நிறைய இருந்தாலும் ஒன்றை மட்டும் சொல்கிறேன். விளையாட வந்த நண்பர் வீட்டைச் சிறிது நேரம் பார்த்துவிட்டு, எதுவும் பேசாமல் குனிந்து கதவைத் திறந்தார். உள்ளே வெளிச்சமில்லை என்று கைபேசி விளக்கை அடித்துப் பார்த்தார். பிறகு, கதவுக்குமேலே பழுப்பு விளிம்பில் தொங்கும் வேர்களைக் காட்டி, மழை பெய்தால் இது ஒழுகுமே என்றார். பட்டை போட்டிருக்கிறேன் என்று நான் சொன்னேன்.

ஒரு குறை எஞ்சியிருக்கிறது. ஆட்டத்தின் நான்காவது சுற்றில் அவருடைய சட்டைக்கை பட்டுப் புகைபோக்கி பெயர்ந்துவிட்டது. திரும்ப ஒட்டுவதற்குமுன் உங்கள் கருத்தைக் கேட்கலாம் என்று வைத்திருக்கிறேன்.

பதிவு 15 | பகடைக்காரர்

ஒட்டாதீர்கள். அடியில் ஒரு கம்பியைச் செருகி, குன்றில் அதற்கொரு குழாய்த்துளை செய்து, கழன்று வரும்படியே விட்டுவிடுங்கள். துளையின் வாயைச் சுற்றி அந்தக் காய்ந்த புல் இருக்குமல்லவா, அது மறைத்துக்கொள்ளும். வில்லாளர்கள் ஏறும்போது புகைபோக்கியை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிடலாம்.